அப்பத்தா குடித்த மாதிரி எந்திரம் குடிக்காது

மழைக்காலம் தொடங்கிய வாரத்தில் அப்பாவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனேன். வாய்க்குள் வெள்ளையாக ஏதோ படர்ந்திருக்கிறது, மிளகாய் பட்டால் தீ வைத்த மாதிரி எரிகிறது என்று மூன்று மாதமாகச் சொல்லிக்கொண்டே இருந்தார். சொன்னாரே தவிர, வா என்றால் வரமாட்டார். சீட்டு எழுதுகிற நர்ஸ் சின்னப் பெண். தலை நிமிராமல், "ஸே தௌ லா?" என்று கேட்டாள். அப்பா நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, "இல்லை, விட்டு இருபது வருஷத்துக்கு மேல் ஆச்சு" என்று பர்மியத்தில் பெருமையாகச் சொன்னார். அவளும் 'இல்லை' என்று எழுதிக்கொண்டாள்.

அவள் கேட்டது மருந்து ஏதாவது சாப்பிடுகிறீர்களா என்று. அப்பா பதில் சொன்னது சுருட்டுக்கு. தினமும் காலையில் ரத்தக்கொதிப்பு மாத்திரை போடுகிற மனிதர் அவர். நான் குறுக்கிட்டுத் திருத்தினேன். அந்தப் பெண் சிரித்துவிட்டாள். அவளைக் குறை சொல்ல முடியாது, அப்பாவையும் குறை சொல்ல முடியாது. பர்மிய மொழியில் 'ஸே' என்றால் மருந்து. 'ஸே' என்றால் புகையிலையும்தான். மருந்துக்கடை ஸே ஸைங், ஆஸ்பத்திரி ஸே யோன், சுருட்டு ஸே லெய். மருந்தையும் குடிக்கிறார்கள், சுருட்டையும் குடிக்கிறார்கள்; இரண்டுக்கும் 'தௌ' என்கிற ஒரே வினைச்சொல். தமிழிலும் நாம் சுருட்டைக் குடிக்கத்தானே செய்கிறோம்? ஊரில் மருந்தையும் குடிக்கிறோம். ஆனால் புகையிலையை மருந்து என்ற பெயரிலேயே கூப்பிடுகிற அளவுக்கு நாம் போகவில்லை.

ரங்கூனில் வளர்ந்த பிள்ளைகளுக்கு (அரசாங்கம் யாங்கோன் என்று மாற்றிப் பல வருஷம் ஆகியும் எங்கள் வீட்டில் ரங்கூன்தான்) இந்தச் சொல் விளையாட்டு புதிதில்லை. அன்றைக்கு ஆஸ்பத்திரி பெஞ்சில் நான்கு மணி நேரம் உட்கார்ந்திருந்தபோது அது எனக்கு வேறு மாதிரிப் பட்டது. என் வேலை தண்ணீர்ப் பரிசோதனைக் கூடத்தில். குழாய்த் தண்ணீர், ஐஸ் கட்டித் தண்ணீர், பாட்டில் தண்ணீர் என்று நாளெல்லாம் எதில் எவ்வளவு என்று அளப்பதுதான் பிழைப்பு. ஒரு பொருள் மருந்தா விஷமா என்று சொல் பிரித்துக் காட்டாதபோது, அளவுதான் காட்ட வேண்டும். சரி, புகையிலையை எப்படி அளக்கிறார்கள்? அந்தக் கேள்வி அன்று பிடித்தது, இன்னும் விடவில்லை.

அப்பத்தாவிடமிருந்து தொடங்குகிறேன். அவர் குடித்தது ஸேபோலெய். பச்சை நிறச் சுருட்டு, விரல் பருமன். தனப்பெ என்கிற இலையில் சுற்றுவார்கள். அந்த மரம் நம் ஊர் நறுவிலியேதான், மூக்குச்சளிப் பழம் என்று பிள்ளைகள் சொல்வார்களே, அது. உள்ளே புகையிலைத் தூளோடு நறுக்கின தண்டும் இருக்கும். புளியும் வெல்லமும் சேர்த்துப் பதப்படுத்துகிறவர்கள் உண்டு. வாயில் வைக்கிற நுனியில் சோளத்தோகையைச் சுருட்டிச் செருகியிருப்பார்கள். சின்ன வயதில் ஒன்றைப் பிரித்துப் பார்த்தேன், தோகைக்கு நடுவே பழைய செய்தித்தாள் துண்டு இருந்தது. அப்பத்தாவிடம் காட்டினேன். "அதுதான்டி வடிகட்டி" என்றார். ஆங்கிலத்தில் செரூட் என்கிறார்களே, அது நம்முடைய 'சுருட்டு'தான் கப்பலேறிப் போய் வெள்ளைக்காரன் வாயில் அப்படி ஆனது. எங்கள் ஆட்கள் ராமநாதபுரத்திலிருந்து இங்கே வந்து இறங்கியபோது அவர்களுக்கு முன்னாலேயே அந்தச் சொல் வந்து உட்கார்ந்திருந்தது.

ஸேபோலெய் என்பதில் நடுவில் இருக்கும் 'போ'வுக்கு லேசானது என்று பொருள். லேசான சுருட்டு. அப்பத்தாவின் முழு வாதமும் அந்த ஒரு எழுத்தில்தான் நின்றது. "வெள்ளைச் சிகரெட்டுதான் நெஞ்சை அரிக்கும், இது போ, ஒண்ணும் பண்ணாது" என்பார். நாளைக்கு ஐந்தாறு குடிப்பார். கடைசி இரண்டு வருஷம் மாடிப்படி ஏறும்போது ஒவ்வொரு திருப்பத்திலும் நின்று நின்று ஏறினார். வயசு என்றோம்.

லேசு என்ற சொல்லை வைத்துப் பிழைத்தது பர்மா மட்டுமில்லை. அமெரிக்கக் கம்பெனிகள் அதை அட்டைப்பெட்டியிலேயே அச்சடித்து விற்றன. அதற்கு ஆதாரம் கொடுத்தது ஒரு ஆய்வுக்கூட எந்திரம்.

நான் கல்லூரியில் படித்தபோது எங்கள் டியூட்டர் ஒரு பாட்டில் வித்தை காட்டினார். பிளாஸ்டிக் பாட்டில் நிறையத் தண்ணீர். அடியில் ஒரு ஓட்டை, மூடியில் ஒரு குழாய், குழாய்க்குள் வெள்ளைப் பஞ்சு, குழாய் முனையில் பற்றவைத்த சிகரெட். அடி ஓட்டையைத் திறந்தால் தண்ணீர் இறங்கும். இறங்கின இடத்தை நிரப்பக் காற்று உள்ளே வரவேண்டும். அந்தக் காற்று சிகரெட் வழியாகத்தான் வர முடியும். பாட்டில் தம் அடிக்கிறது. சிகரெட் முடிந்ததும் பஞ்சை எடுத்துக் காட்டினார். தேநீர்க்கடை வடிதுணி மாதிரி பழுப்பு. பெண்பிள்ளைகள் பக்கம் ஒரு 'ச்சீ' எழுந்தது. பையன்கள் பக்கம் அமைதி.

ஆய்வுக்கூடங்களில் இருப்பதும் அடிப்படையில் இந்தப் பாட்டில்தான், ஆனால் ஒழுக்கம் அதிகம். சிகரெட்டை முதலில் 22 டிகிரி வெப்பத்தில், 60 சதவீத ஈரப்பதத்தில் இரண்டு நாள் வைத்துப் பக்குவப்படுத்துகிறார்கள். அப்புறம் எந்திரத்தின் வாய்களில் செருகுகிறார்கள். ஒரே நேரத்தில் இருபது சிகரெட் குடிக்கிற எந்திரங்கள் உண்டு. ஒரு இழுப்புக்கு 35 மில்லி லிட்டர், ஏறக்குறைய ஏழு டீஸ்பூன். இரண்டு வினாடி இழுப்பு. நிமிடத்துக்கு ஒன்று. புகை ஒரு கண்ணாடி இழை வட்டத்தின் வழியே போகும், கேம்பிரிட்ஜ் வடிதட்டு என்று பெயர். முன்னும் பின்னும் அதை நிறுத்துப் பார்த்து, சேர்ந்த எடையிலிருந்து தண்ணீரையும் நிகோடினையும் கழித்தால் மிச்சம் இருப்பதுதான் 'தார்'. பெட்டியில் மில்லிகிராம் கணக்கில் போடுவார்களே, அந்தத் தார். தார் என்று தனியாக ஒரு பொருள் கிடையாது என்பது எனக்கு அதுவரை தெரியாது. ஒரு கழித்தல் கணக்கின் விடை அது, ஆயிரக்கணக்கான பொருள்களின் கூட்டு.

அந்த 35 மில்லி, இரண்டு வினாடி, ஒரு நிமிடம் என்ற கணக்கு எங்கிருந்து வந்தது? 1936ல் வேதியியலாளர்கள் சிலர் எழுதிய ஒரு கட்டுரையிலிருந்து. அன்றைய சிகரெட்டை வைத்து, மனிதர் ஏறக்குறைய இப்படித்தான் இழுப்பார் என்று வைத்துக்கொண்ட அளவு. 1967ல் அமெரிக்காவின் கூட்டாட்சி வணிக ஆணையம் அதையே அதிகாரபூர்வமான முறையாக எடுத்துக்கொண்டது. எந்த பிராண்டில் எவ்வளவு தார் என்று ஒப்பிடுவதுதான் அவர்கள் நோக்கம். ஒருவருடைய நெஞ்சுக்குள் எவ்வளவு போகிறது என்று சொல்வது அதன் வேலையாக இருக்கவில்லை. ஆனால் பெட்டியில் எண்ணைப் பார்ப்பவர் அப்படியா படிப்பார்?

அங்கேதான் கம்பெனிக்காரர்கள் ஊசி எடுத்தார்கள். வடிகட்டியைச் சுற்றியிருக்கும் காகிதத்தில் கண்ணுக்குச் சட்டென்று தெரியாத சின்னச் சின்ன ஓட்டைகள். வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் புள்ளி வரிசையாகத் தெரியும். எந்திரம் இழுக்கும்போது ஓட்டை வழியாக வெளிக்காற்று புகுந்து புகையைக் கலக்கி மெலியவைக்கும். தார் எண் சரசரவென்று இறங்கும். மனிதன் பிடிக்கும்போது? விரல் அந்த ஓட்டைகளின் மேல், உதடு அந்த ஓட்டைகளின் மேல். ஓட்டை பாதி அடைபட்டுப் போகும். போதாததற்கு, நிகோடின் குறைந்ததாக உடம்புக்குத் தெரிந்தால் ஆள் தன்னை அறியாமல் ஆழமாக இழுப்பான், கூட இரண்டு தடவை இழுப்பான். எந்திரத்துக்கு ஏக்கம் கிடையாது. அது நிமிடத்துக்கு ஒன்று என்றால் ஒன்றுதான். தாரைக் குறைத்ததால் சிகரெட்டின் கேடு குறைந்துவிடவில்லை என்று 2001ல் அமெரிக்கத் தேசியப் புற்றுநோய்க் கழகம் தடித்த அறிக்கையாகவே எழுதியது. 2008ல் ஆணையம் தன் பழைய முறைக்கான ஆதரவை விலக்கிக்கொண்டது. 2010ல் 'லைட்', 'மைல்டு' என்ற சொற்களைப் பெட்டியில் போட அங்கே தடை வந்தது. நாற்பது வருஷத்துக்கு மேல் அந்தச் சொல் ஓடிவிட்டது. அதற்குள் எத்தனை பேர் விடவேண்டிய சிகரெட்டை விடாமல், லேசானதற்கு மாறிக்கொண்டு நிம்மதியாக இருந்திருப்பார்கள்.

எந்திரத்தைத் திட்டுவதில் பொருள் இல்லை. அது சொன்னபடி செய்தது. பிற்பாடு கனடாக்காரர்கள் ஓட்டைகளை முழுக்க அடைத்து, இழுப்பை 55 மில்லியாக்கி, அரை நிமிடத்துக்கு ஒன்று என்று கடுமையான முறை ஒன்றைக் கொண்டுவந்தார்கள். உலக சுகாதார நிறுவனம் 2005ல் தொடங்கிய புகையிலைப் பரிசோதனைக் கூடங்களின் வலையமைப்பும் அந்தத் தீவிர முறையைக் கையாள்கிறது. அதுவும் ஒரு மனிதனைப் போல் இழுப்பதில்லை, யாரைப் போலவும் இழுப்பதில்லை. ஆனால் ஏமாற்றுவது கடினம்.

நான் படித்ததில் எனக்கு மிகப் பிடித்தவர்கள் பெய்ரூட்காரர்கள். ஹூக்காவைப் பரிசோதிக்க வேண்டியிருந்தது அவர்களுக்கு. சிகரெட் கணக்கைத் தூக்கி ஹூக்கா மேல் வைக்காமல், முதலில் காபிக்கடைக்குப் போனார்கள். வாடிக்கையாளர்கள் உண்மையில் எப்படி இழுக்கிறார்கள் என்று கருவி வைத்து அளந்தார்கள். அதிலிருந்து ஒரு மணி நேர அமர்வு என்றால் 171 இழுப்பு, ஒவ்வொன்றும் ஏறக்குறைய அரை லிட்டர் என்று எடுத்து, பிறகுதான் எந்திரத்துக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். அரை லிட்டர்! 35 மில்லி எங்கே, அது எங்கே. தண்ணீர் வழியாக வருவதால் ஹூக்கா சுத்தம் என்ற பேச்சு இங்கேயும் உண்டு. அந்த ஒரு எண்ணை மட்டும் சொல்லிவிட்டு நான் சும்மா இருந்துவிடுகிறேன்.

ஸேபோலெய்க்காக யாராவது இப்படி ஒரு அப்பத்தா பக்கத்தில் கடிகாரத்தோடு உட்கார வேண்டும் என்று தோன்றியது. அப்பத்தா இல்லை. எதிர்வீட்டு பர்மியக் கிழவி இருக்கிறார், நாங்கள் அப்வா என்று கூப்பிடுவோம். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை அவர் வாசலில் போய் உட்கார்ந்து, பேச்சுக் கொடுத்தபடி எண்ணினேன். ஒரு சுருட்டு இரண்டரை மணி நேரம் வந்தது. ஆறு தடவை அணைந்தது, ஆறு தடவையும் திரும்பப் பற்றவைத்தார். மொத்தம் 31 இழுப்பு. வந்தால் தொடர்ந்தாற்போல் நான்கைந்து வரும், அப்புறம் காய்கறிக்காரியோடு சண்டை, பேரனுக்குச் சாப்பாடு, கடவாயில் அணைந்த சுருட்டு. பற்றவைத்த புதிதில் இழுப்பு நீளம். புகையை நெஞ்சுக்குள் இழுக்கவில்லை, கன்னத்தில் நிறுத்தி மூக்கு வழியாக விட்டார். "என்னடி எழுதுற?" என்று கேட்டார். சீட்டுக் கணக்கு என்றேன்.

ஒரு ஆளை வைத்து ஒன்றும் நிரூபிக்க முடியாது, தெரியும். ஆனால் நிமிடத்துக்கு ஒரு இழுப்பு என்று எந்திரம் இழுத்தால் ஸேபோலெய் பற்றி எவ்வளவு அசட்டுத்தனமான விடை வரும் என்று புரிந்தது. இன்னொன்றும் உண்டு. "நெஞ்சுக்குள் இழுக்கிறதில்லை, அதனால் ஏறாது" என்று சுருட்டுக்காரர்கள் சொல்வார்கள். அதற்கு விடை எந்திரத்தில் இல்லை, வேதியியலில் இருக்கிறது. அப்பாவின் வாய்க்கும் அதே விடைதான், அதனால் கொஞ்சம் நின்று சொல்கிறேன்.

நிகோடின் இரண்டு வேஷத்தில் இருக்கும். அமிலம் உள்ள இடத்தில் உப்பு வேஷம். தண்ணீரில் கரைந்து கிடக்கும், வாயின் தோலைத் தாண்டாது. காரம் (மிளகாய்க் காரம் இல்லை, சுண்ணாம்பு மாதிரி அமிலத்துக்கு எதிரானது) உள்ள இடத்தில் வேஷத்தைக் கலைத்துவிட்டுத் தனி நிகோடினாக நிற்கும். அது தோலை எளிதாகத் தாண்டி ரத்தத்துக்குள் போய்விடும். அமிலமா காரமா என்று சொல்கிற எண்ணுக்குப் பி.எச். என்று பெயர், ஏற ஏறக் காரம். பி.எச். 8 என்றால் ஏறக்குறையப் பாதிப் பாதி. 7க்கு இறங்கினால் தனி நிகோடின் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. 9க்கு ஏறினால் பத்தில் ஒன்பது பங்கு தனி நிகோடின். சூட்டறையில் பதப்படுத்திய சிகரெட் புகையிலையின் புகை அமிலப் பக்கம் சாய்ந்தது, அதனால்தான் சிகரெட்காரன் நெஞ்சுக்குள் இழுத்தாக வேண்டும். காற்றில் உலர்த்திய சுருட்டுப் புகையிலையின் புகை காரப் பக்கம் சாயும். கன்னத்தில் நிறுத்தினாலே நிகோடின் உள்ளே போய்விடும்.

இப்போது அப்பாவின் கடை. அனோரத்தா சாலையில் காளியம்மன் கோயில் பக்கம் ஒரு தள்ளுவண்டி அளவுக் கடை, கூன்யா கடை. வெற்றிலையை விரித்து, குச்சியால் சுண்ணாம்பைத் தடவி, வெட்டின பாக்கு, காசுக்கட்டி, ஏலம், கிராம்பு, மேலே ஸே. சாராயத்தில் ஊறவைத்தது, இனிப்புப் போட்டது, வெறும் தூள் என்று ஸேயிலேயே பல டப்பா. மடித்து, நான்கு நான்காகப் பிளாஸ்டிக் பையில் போட்டுக் கொடுப்பார். டாக்ஸிக்காரர்கள், சுமை தூக்குகிறவர்கள், பக்கத்துத் துணிக்கடைப் பையன்கள், இரவுக் காவல்காரர்கள். 2014ல் நாடு முழுக்க எடுத்த கணக்கெடுப்பில் ஆண்களில் 62 சதவீதம் பேர் புகையில்லாத புகையிலை போடுகிறவர்கள் என்று வந்தது. புகைக்கிறவர்களைவிட அது அதிகம். அதில் பெரும்பங்கு கூன்யாதான். அப்பாவும் சுருட்டை விட்ட நாளிலிருந்து நாளைக்குப் பத்துப் பன்னிரண்டு போடுகிறார். 'விட்டேன்' என்று நர்ஸிடம் சொன்னது சுருட்டைத்தான்.

கூன்யாவுக்குப் புகை இல்லை, எனவே எந்திரமும் இல்லை. ஆனால் அதில் இருக்கும் வேதியியல் அறிவு என்னை அசரவைக்கிறது. சுண்ணாம்பு சும்மா ருசிக்கு இல்லை. சுண்ணாம்பு நீர் பி.எச். 12ஐத் தாண்டிய காரம். அதைப் புகையிலையோடு மெல்லும்போது நிகோடின் வேஷம் கலைகிறது. பாக்கில் உள்ள அரெகோலின் என்கிற பொருளும் காரத்தில் அப்படியே விடுபடுகிறது. பல நூறு வருஷத்துக்கு முன்னால் பி.எச். என்ற சொல்லே இல்லாத காலத்தில் யாரோ நாக்கை வைத்தே கண்டுபிடித்தது இது.

ஒரு நாள் அப்பா கடையிலிருந்து இரண்டு பொட்டலம் எடுத்துக்கொண்டு வேலைக்குப் போனேன். மதியச் சாப்பாட்டு நேரத்தில் ஸேயை மட்டும் காய்ச்சி வடித்த தண்ணீரில் அரைத்துக் கருவியை நட்டேன். 6க்குக் கீழே. மடித்த கூன்யாவை முழுசாக அரைத்து நட்டேன். 9ஐத் தாண்டி நின்றது. எச்சில் சேர்ந்தால் வாய்க்குள் எண் மாறும், அது வேறு. கருவியின் கண்ணாடி முனை செக்கச்செவேலென்று ஆகிவிட்டது. எத்தனை கழுவியும் போகவில்லை. மேலதிகாரி பார்த்துவிட்டு, யார் இதில் ரத்தம் சோதித்தது என்று கத்தினார். நான் வாயைத் திறக்கவில்லை.

இதே ஊசலை மறுபக்கம் தள்ளினால் என்ன ஆகும் என்பதும் நடந்திருக்கிறது. தனி நிகோடின் தொண்டையை எரிக்கும், நெஞ்சுக்குள் நிறைய இழுக்க விடாது. 2015ல் அமெரிக்காவில் வந்த ஜூல் என்ற மின்சிகரெட்டில் நிகோடினோடு பென்சாயிக் அமிலம் சேர்த்து உப்பு வேஷத்துக்கே திருப்பிவிட்டார்கள். தொண்டைக்கு மெத்து மெத்தென்று இருக்கும், ஒரு மில்லியில் 59 மில்லிகிராம் நிகோடினை நெஞ்சு வாங்கிக்கொள்ளும். பள்ளிக்கூடப் பிள்ளைகள் இருமாமல் இழுத்தார்கள். அப்பா காரம் சேர்க்கிறார், அவர்கள் அமிலம் சேர்த்தார்கள். தொழில் ஒன்றுதான்.

எவ்வளவு உள்ளே போகிறது என்பது பாதிதான். போனது என்ன செய்கிறது என்பது இன்னொரு பாதி, அதற்கு வேறு ஆய்வுக்கூடம். 1950களின் தொடக்கத்தில் வைண்டர், கிரகாம், கிரோனிங்கர் என்ற மூவர் சிகரெட் தாரை அசிட்டோனில் கரைத்து, மயிர் மழித்த எலிகளின் முதுகில் தூரிகையால் தடவினார்கள். வருஷக்கணக்கில் தடவினார்கள். 44 சதவீத எலிகளுக்குப் புற்று வந்தது என்று 1953 டிசம்பரில் வெளியிட்டார்கள். அதற்கு அடுத்த மாதமே, 1954 ஜனவரி 4ஆம் தேதி, புகையிலைக் கம்பெனிகள் ஒன்றுசேர்ந்து அமெரிக்கப் பத்திரிகைகளில் முழுப் பக்க அறிக்கை போட்டன. எலி முதுகு மனித நுரையீரல் இல்லையே என்பது அவர்கள் பக்கத்துப் பேச்சு. அந்த ஒரு வாக்கியம் உண்மைதான், அதுதான் வேதனை. மூவரில் கிரகாம் பெரிய அறுவை மருத்துவர், நுரையீரல் ஒன்றை முழுசாக எடுத்து நோயாளியைப் பிழைக்கவைத்தவர். அவரே பல வருஷம் சிகரெட் குடித்தவர். 1957ல் நுரையீரல் புற்றில் இறந்தார்.

எலியைவிட எனக்கு நெருக்கமானது பாக்டீரியா, தண்ணீர் வேலையில் தினமும் அதோடுதான் குடித்தனம். கலிபோர்னியாவின் புரூஸ் ஏம்ஸ் 1970களில் ஒரு சோதனை கண்டுபிடித்தார். சால்மனெல்லாவில் ஹிஸ்டிடின் என்ற சத்தைத் தானே செய்துகொள்ள முடியாத ஊனமான வகை ஒன்றை எடுக்கிறார்கள். அந்தச் சத்து இல்லாத தட்டில் அது வளராது. அதன் மேல் சந்தேகப் பொருளைப் போடுகிறார்கள். அந்தப் பொருள் மரபணுவைக் கிள்ளிப் பார்க்கும் வகை என்றால், கிள்ளலில் சில தற்செயலாக ஊனம் நீங்கி வளரத் தொடங்கும். இரண்டே நாளில் தட்டில் புள்ளி புள்ளியாகக் கூட்டங்கள். எண்ண வேண்டியதுதான். 1974ல் சிகரெட் புகைப் படிவைப் போட்டபோது தட்டு நிறையப் புள்ளி.

அதில் ஒரு நுணுக்கம் என்னை விடவில்லை. தட்டில் பொருளோடு எலியின் ஈரல் சாறும் ஊற்றுகிறார்கள். ஏனென்றால் புகையில் இருக்கும் பென்சோபைரீன் போன்ற பல பொருள்கள் வந்த வடிவில் அவ்வளவு கெட்டவை அல்ல. அவற்றை வெளியே தள்ளுவதற்காக உடம்பு மாற்றியமைக்கும்போதுதான் மரபணுவில் ஒட்டிக்கொள்கிற வடிவத்தைப் பெறுகின்றன. 1996ல் அந்த மாறிய வடிவத்தை மனித உயிரணுக்களில் விட்டுப் பார்த்தபோது, புகைக்கிறவர்களின் நுரையீரல் புற்றில் எந்த இடங்களில் பி53 என்ற காவல் மரபணு உடைந்திருக்குமோ அதே இடங்களில் போய் ஒட்டியிருந்தது. எலி முதுகு மனித நுரையீரல் இல்லையே என்றவர்களுக்கு நாற்பத்திரண்டு வருஷம் கழித்து வந்த பதில்.

புகையே இல்லாவிட்டால் பென்சோபைரீன் பெரிய கணக்கில் வராது. ஆனால் புகையிலையைப் பதப்படுத்தி ஊறப்போடும் காலத்திலேயே அதற்குள் நைட்ரோசமீன்கள் உண்டாகின்றன, என்.என்.என்., என்.என்.கே. என்ற இரண்டையும் மனிதருக்குப் புற்று உண்டாக்கும் முதல் பட்டியலில் வைத்திருக்கிறார்கள். எப்படிப் பதப்படுத்துகிறார்கள் என்பதைப் பொறுத்து அதன் அளவு பெரிதும் மாறும். சுவீடனில் உதட்டுக்கடியில் வைக்கும் ஸ்னுஸை நீராவியில் சுடவைத்துக் கிருமியை அடக்குகிறார்கள், அதனால் அதில் குறைவு. அப்பாவின் டப்பாக்களில் எவ்வளவு? எங்கள் கூடத்தில் அதற்கான கருவி கிடையாது. டப்பாவின் மேல் ஒட்டியிருந்த சீட்டில் இருந்தது ஒரு மயில் படம் மட்டும்.

ஆஸ்பத்திரியில் அப்பாவின் வாயிலிருந்து சோதிக்க எடுத்த சதைத் துணுக்கின் முடிவு மூன்று வாரம் கழித்து வந்தது. புற்று இல்லை. கோயிலில் தேங்காய் உடைத்தார் அம்மா. டாக்டர் ஆனால் சிரிக்கவில்லை. "வாயைத் திறங்க" என்று சொல்லி, அப்பாவின் கையையே எடுத்து, மூன்று விரலை ஒன்றன்மேல் ஒன்றாக நிற்கவைத்துப் பல்லுக்கு நடுவே நுழைக்கச் சொன்னார். இரண்டுதான் நுழைந்தது. வாயின் உள்தோலுக்கு அடியில் நார் இறுகிக்கொண்டே வருகிற நோய். அதற்குக் காரணம் முக்கியமாக ஸே இல்லை, பாக்கு. அரெகோலின் தோலுக்கடியில் உள்ள உயிரணுக்களைத் தூண்டி நார்ப்புரதத்தைக் கூடுதலாகச் செய்யவைக்கிறது. பாக்கில் உள்ள செம்பு அந்த நாரை இறுக்கிக் கட்டும் நொதிக்குத் துணைபோகிறது. இறுகின நார் தளராது. புகையிலை இல்லாத வெற்றிலைப்பாக்கும், ஏன் வெறும் பாக்கும்கூடப் புற்று உண்டாக்கும் என்று 2004ல் வெளியான சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமையின் தொகுதியில் முதல் பட்டியலில் சேர்த்தாகிவிட்டது. நல்ல காரியம் கெட்ட காரியம் எதற்கும் தாம்பூலத் தட்டு நீட்டுகிற குடும்பத்தில் இதைச் சொல்வது எவ்வளவு சங்கடம் என்பதைத் தமிழ் படிக்கிறவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

எனக்குப் பைத்தியம் பிடித்த மாதிரி இத்தனை படித்தேன். இழுப்பின் அளவு, பி.எச்., பாக்டீரியாப் புள்ளி எல்லாம் தெரிந்துகொண்டேன். அப்பாவுக்குப் புரிந்தது மூன்று விரல்தான். எந்தக் கருவியும் வேண்டாம், அவரவர் வாய், அவரவர் கை. எந்திரத்துக்குக் கற்றுக்கொடுத்த சராசரி மனிதன் அதில் இல்லை.

அப்பா ஸேயை விட்டுவிட்டார். பாக்கைப் பற்றிக் கேட்டால், "எல்லாத்தையும் ஒரே நாளில் விடச் சொன்னா எப்படி தாயி?" என்கிறார். கடையை மூடு என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அந்தக் கடைதான் என் கல்லூரிச் சம்பளம் கட்டியது.

போன வாரம் சாயங்காலம் கடைப்பக்கம் போனேன். அப்பா சுண்ணாம்பு டப்பாவுக்குப் பக்கத்தில் ஒரு சின்னக் கண்ணாடி மாட்டியிருந்தார். வாடிக்கையாளர்களிடம் விரல் வித்தை காட்டுகிறாராம். ஒரு டாக்ஸிக்காரர் சிரித்துக்கொண்டே மூன்று விரலையும் நுழைத்துக் காட்டிவிட்டு வழக்கமான நான்கை வாங்கிக்கொண்டு போனார். துணிக்கடைப் பையன் ஒருவன், இருபத்திரண்டு வயது இருக்கும், கண்ணாடியைப் பார்த்தபடி முயன்றான். மூன்றாவது விரல் பல்லில் முட்டி நின்றது. கையைக் கழுவி வந்து மறுபடி முயன்றான். அப்புறம் கொஞ்ச நேரம் சாலையைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "அப்போ எனக்கு ஸே இல்லாமல் ஒண்ணு மடிங்க" என்று பர்மியத்தில் சொன்னான்.

அப்பா இலையை விரித்தார், சுண்ணாம்பைத் தடவினார், பாக்கை அள்ளின கையோடு என்னை நிமிர்ந்து பார்த்தார்.